கப்பலும் ஏவுகணையும் இருக்கட்டும், காந்தம் எங்கிருந்து வருகிறது?

தென்கரை:
வல்லரசுப் போட்டி என்று இழை தொடங்கினாலே இங்கே பேச்சு தைவானுக்குப் போய்விடுகிறது. யாரிடம் எத்தனை விமானந்தாங்கிக் கப்பல், எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்று நூறு பதிவு ஓடும். எனக்கு என்னவோ 2025இல் விழுந்த பெரிய அடி ஒரு அரசாணையில் விழுந்தது என்றுதான் தோன்றுகிறது. ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப் உலகத்துக்கே வரி போட்டார். இரண்டே நாளில், ஏப்ரல் 4ஆம் தேதி, சீன வர்த்தக அமைச்சகம் ரேர் எர்த் எனப்படும் அரிய மண் தனிமங்களில் ஏழுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். தடை என்ற பேச்சே இல்லை, விண்ணப்பம் போடுங்கள், பார்த்துத் தருகிறோம், அவ்வளவுதான். காந்தம் கிடைக்காமல் மே மாதம் சிகாகோவில் ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் கார் ஆலை ஒரு வாரம் மூடிக்கிடந்தது. ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் உற்பத்தியை நிறுத்தியது.

அக்டோபர் 9ஆம் தேதி மேலும் ஐந்து தனிமங்களைச் சேர்த்தார்கள். கூடவே, வெளிநாட்டில் செய்த பொருளாக இருந்தாலும் அதன் மதிப்பில் 0.1 சதவீதம் சீன ரேர் எர்த் இருந்தால் எங்களிடம் கேட்டுவிட்டு விற்கவேண்டும் என்ற விதி. அந்த மாதம் 30ஆம் தேதி பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபிறகு அக்டோபர் அறிவிப்பை ஓராண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். ரத்து செய்யவில்லை, தள்ளிவைத்தார்கள்.

என் கேள்வி இதுதான். அமெரிக்க நிலவியல் ஆய்வகக் கணக்குப்படி ரேர் எர்த் இருப்பில் உலகத்தில் மூன்றாம் இடம் இந்தியாவுக்கு, 69 லட்சம் டன். ஆனால் 2024இல் நாம் எடுத்தது 2,900 டன். சீனா 2,70,000 டன். மண்ணை வைத்துக்கொண்டு நாம் ஏன் வரிசையில் நிற்கிறோம்?

வரவுசெலவு:
வழக்கமான பூச்சாண்டி. விலை ஏறினால் நாலு பேர் சுரங்கம் தோண்டுவான், விலை இறங்கும், கதை முடிந்தது. 2010இலும் இப்படித்தான் உலகம் அழியப்போகிறது என்றார்கள், அழிந்ததா? சீனாவுக்கும் விற்றாகவேண்டும், அவனுக்கும் வயிறு இருக்கிறது. அங்கே ஏரி ஏரியாகக் கழிவு தேக்கி வைத்து, பாவோத்தோ ஊரையே நாசமாக்கி மலிவாகக் கொடுக்கிறான். நாம் அதை வாங்கிப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்று கிளம்பியவர்கள் 1991இல் தங்கத்தை அடகு வைத்த கதை தெரியும்தானே.

கோவை_மோட்டார்:
வரவுசெலவு சார், மோட்டார் உதிரிபாகத் தொழிலில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எது சிக்குகிறது என்று பார்க்கவேண்டும். மின்சார ஸ்கூட்டரில் இருக்கும் காந்தம் நியோடிமியம், இரும்பு, போரான் கலவை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமிடோமோவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. சூடானால் காந்த சக்தி போய்விடும், அதற்காகக் கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் சேர்ப்பார்கள். அளவு ரொம்பச் சின்னது, ஆனால் அது இல்லாமல் வெயிலில் மேடு ஏறும் வண்டிக்கு மோட்டார் கொடுக்கமுடியாது. ஏப்ரலில் சீனா பிடித்தது சரியாக அந்தச் சிட்டிகையைத்தான். நியோடிமியத்தைத் தொடவே இல்லை, கவனியுங்கள். அது எல்லா இடத்திலும் கொஞ்சம் கிடைக்கும். மற்றது அவர்களை விட்டால் ஆள் இல்லை.

அப்புறம் விண்ணப்பம். இறுதிப் பயன்பாட்டுச் சான்று வேண்டும், இந்தக் காந்தம் ராணுவத்துக்குப் போகாது என்று எழுதிக் கொடுக்கவேண்டும், அதை நம் அரசு அலுவலகங்களிலும் சீனத் தூதரகத்திலும் சரிபார்த்து அங்கே அனுப்பவேண்டும். அதில் எந்த வண்டிக்கு, எந்த மாடலுக்கு, மாதம் எத்தனை என்று எல்லாம் எழுதுகிறோம். ஒரு நாட்டின் ஆலைகள் அடுத்த வருடம் என்ன செய்யப்போகின்றன என்பதை உளவாளி அனுப்பித் தெரிந்துகொள்ளவேண்டியதே இல்லை, நாமே படிவத்தில் நிரப்பிக் கொடுக்கிறோம்.

இன்னொன்று. காந்தத்துக்குத்தான் கெடுபிடி, காந்தம் பொருத்திய முழு மோட்டாராக வாங்கினால் அவ்வளவு பிரச்சினை இல்லை. அதனால் 2025இல் பல கம்பெனிகள் முழு மோட்டாரையே இறக்குமதி செய்யலாமா என்று யோசித்தன. அப்படிச் செய்தால் இங்கே சுருள் சுற்றுகிறவன், தகடு அடிக்கிறவன், பொருத்துகிறவன் எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சந்தை தானாகச் சரியாகும் என்கிறீர்கள், சரியாகும், ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்து சரியாகும் என்று பாருங்கள்.

தென்கரை கேட்டதற்குப் பதில்: நெல் விளைகிறது, அரிசி ஆலை இல்லை. சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவிடம். பதினேழு தனிமங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மாதிரி வேதிக்குணத்தோடு இருக்கும், அமிலத்தில் கரைத்து, கரைப்பானில் போட்டு, தொட்டி தொட்டியாக நூற்றுக்கணக்கான தடவை பிரிக்கவேண்டும். கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம்கூட 2025 ஏப்ரல் வரை தோண்டின தாதுவில் பெரும்பகுதியைச் சீனாவுக்கு அனுப்பித்தான் பிரித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானம் ஒன்றில் 400 கிலோவுக்கு மேல் ரேர் எர்த் இருக்கிறது என்பார்கள். யாரை எதிர்க்க விமானம் கட்டுகிறார்களோ அவர்களிடமே பொருள் வாங்கி!

பழையகோப்பு:
இதில் நம் ஊர் மணல் மாட்டுவது இது முதல் தடவை இல்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டிய மணலைப் பார்த்தார். மோனசைட், ரேர் எர்த் இருக்கும் தாது. அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமமும் இருக்கிறது, அன்றைக்கு எரிவாயு விளக்கின் வலைக்கு அதுதான் வேண்டும். மறுவருடமே மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் ஆளைக் கைது செய்து ஆலையை மூடினார்கள், பிறகு லண்டன் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. அன்றைக்குப் போட்டி பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும், பொருள் மட்டும் அதே குமரிக் கடற்கரை.

அடுத்து 1951. இந்தியாவில் பஞ்சம், அமெரிக்காவிடம் கோதுமை கேட்டோம். அமெரிக்க காங்கிரஸில் சிலர் கோதுமைக்குப் பதில் மோனசைட் கொடுக்கட்டும் என்றார்கள். தோரியம் அணுசக்திக்கு ஆகும் என்று நேருவும் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் அதன் ஏற்றுமதியை முன்பே அடைத்து வைத்திருந்தார்கள். நிபந்தனையை ஏற்கமாட்டோம் என்று நின்றார்கள், கடைசியில் 19 கோடி டாலர் கோதுமைக் கடன் வந்தது. 1953இல் இன்னும் சுவாரஸ்யம்: இந்தியாவிலிருந்து தோரியம் நைட்ரேட் கொஞ்சம் சீனாவுக்குக் கப்பலேறியது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு இப்படிப்பட்ட பொருள் அனுப்பினால் உதவியை நிறுத்தவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் இருந்தது, வாஷிங்டன் குதித்தது. யாரிடம் எதை விற்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லவேண்டாம் என்பது நேருவின் பதில்.

ஆக, அன்றைக்குச் சீனா நம்மிடம் வாங்கியது, அமெரிக்கா அதைத் தடுக்கப் பார்த்தது. 1950இலேயே இந்தியன் ரேர் எர்த்ஸ் தொடங்கியாயிற்று. அந்த வேகத்தில் போயிருந்தால்... சரி, விடுங்கள்.

வரவுசெலவு:
வரலாறு ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் 1950இலேயே ஆரம்பித்த அரசு நிறுவனம் 75 வருடம் கழித்து இந்த நிலையில் இருக்கிறது என்றால் அது என் கட்சிக்குத்தானே சாட்சி?

தென்கரை:
இல்லை, அது வேறு ஒன்றுக்குச் சாட்சி. 2010ஐ நீங்களே இழுத்தீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அந்த வருடம் செப்டம்பரில் ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் பக்கம் ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பான் கடலோரக் காவல்படைக் கப்பல்கள்மேல் மோதியது. படகின் கேப்டனைப் பிடித்து வைத்தார்கள். ஜப்பானுக்குப் போகவேண்டிய ரேர் எர்த் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. தடை போட்டோம் என்று சீனா ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை, சுங்கச் சோதனை, தாமதம், அவ்வளவுதான். விலை எகிறியது.

அப்புறம் இரண்டு பேர் இரண்டு வழியில் போனார்கள். அமெரிக்கா ஐரோப்பாவையும் ஜப்பானையும் சேர்த்துக்கொண்டு சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2012இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2014இல் ஜெயித்தது. 2015இல் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டை எடுத்தது, சரக்கு வந்தது, ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த விலை இன்னும் சரிந்தது, நீங்கள் சொன்ன அதே சந்தை. அந்த ஜூன் மாதமே மவுண்டன் பாஸை நடத்திய மோலிகார்ப் திவால். வழக்கில் ஜெயித்துத் தன் கம்பெனியைத் தானே புதைத்த கதை.

ஜப்பான் வழக்கிலும் சேர்ந்தது, ஆனால் அதை நம்பி உட்காரவில்லை. 10,000 கோடி யென் ஒதுக்கியது. அதன் அரசு கனிம நிறுவனமும் சோஜிட்ஸ் என்ற வணிக நிறுவனமும் 2011இல் ஆஸ்திரேலியாவின் ரேர் எர்த் கம்பெனி லைனஸுக்கு 25 கோடி டாலர் கொடுத்தன. விலை சரிந்தபோது லைனஸும் மூழ்கப் பார்த்தது. ஜப்பான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, வட்டியைக் குறைத்தது, தவணையைத் தள்ளியது. காந்தத்தில் டிஸ்ப்ரோசியம் குறைக்க ஆராய்ச்சி, கையிருப்பு, பழைய பொருளிலிருந்து மீட்பது எல்லாம் கூடவே நடந்தது. பதினைந்து வருடம் இப்படிப் போராடி, சீனாவை நம்பியிருந்த அளவு 90 சதவீதத்திலிருந்து சுமார் 60க்கு வந்தது. பூஜ்யம் இல்லை, 60. அதற்கே இவ்வளவு.

அதனால் நான் சொல்வது இதுதான், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்: இந்தப் போட்டியில் பலம் மண்ணில் இல்லை, தொழில்நுட்பத்தில்கூட முழுசாக இல்லை, மலிவு விலை வரும் வருடங்களில் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு ஆலையை மூடாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. சீனா முப்பது வருடம் அதைச் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸின் காந்தப் பிரிவு மேக்னிகுவெஞ்ச் 1995இல் சீனப் பங்குதாரர்கள் உள்ள கூட்டணிக்குக் கைமாறி, கொஞ்ச வருடத்தில் இண்டியானாவிலிருந்து ஆலையே சீனாவுக்குப் போனது. அன்றைக்கு வாஷிங்டனிலும் ஒரு வரவுசெலவு உட்கார்ந்து லாபம்தானே என்று சொல்லியிருப்பார் :)

மிடாலத்துக்காரன்:
மக்கா, எல்லாரும் நல்லாத்தான் பேசுறீங்க. 69 லட்சம் டன் என்று எழுதுகிறீர்களே, அதில் ஒரு பங்கு எங்கள் ஊர்களுக்கு அடியில்தான் இருக்கிறது.

2024இல் கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஐஆர்இஎல் (அதே இந்தியன் ரேர் எர்த்ஸ்தான்) திட்டம் வந்தது. கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று நெருக்கமான கரையோர ஊர்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். அக்டோபரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள், எதிர்ப்பைப் பார்த்துத் தள்ளிவைத்தார்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் என்ன செய்தது தெரியுமா? அணுக் கனிமம், முக்கியக் கனிமம் என்றால் இனி மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று குறிப்பாணை. முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

சீனா ஏப்ரலில் காகிதத்தில் அடித்தது என்று தென்கரை எழுதியிருக்கிறார். பெய்ஜிங் அடித்தது ஏப்ரலில், எங்களுக்கு வலித்தது செப்டம்பரில்.

அண்டை மாவட்டங்களில் தனியார் தாது மணல் அள்ளிய கதையையும் மறக்கவேண்டாம். 2013இல் தடை போட்டார்கள், சிபிஐ விசாரிக்கட்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2025 பிப்ரவரி ஆயிற்று. கார்னெட் என்ற வேறு தாதுவின் பெயரைப் போட்டு மோனசைட்டும் போனது என்பது குற்றச்சாட்டு. இப்படிக் காவல் காத்த அரசுதான் இப்போது நாட்டுப் பாதுகாப்பு என்று வருகிறது.

வீரமறவன்77:
நாட்டுக்காக எல்லையில் வீரன் உயிரையே கொடுக்கிறான், இவர்களுக்கு மணலைக் கொடுக்க மனசு வரவில்லை. யார் தூண்டிவிடுகிறார்கள் என்று தெரியும்.

மிடாலத்துக்காரன்:
எங்கள் ஊரிலிருந்தும் ராணுவத்தில் ஆள் இருக்கிறது தம்பி. லீவில் வரும்போது வீடு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வரவுசெலவு:
ஒரு விஷயம் நியாயமாகச் சொல்லவேண்டும். கதிர்வீச்சு என்றதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் இதே மோனசைட் மணல், இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். திருவனந்தபுரம் புற்றுநோய் மையம் பல வருடம் ஆயிரக்கணக்கான வீடுகளைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தது, 2009இல் முடிவு வந்தது, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று.

ஈப்போ_பையன்:
அண்ணே, அந்த ஆய்வு மணலில் நடந்து திரிகிறவர்களைப் பற்றியது. ஆலைக் கழிவு பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றியது இல்லை. இரண்டும் வேறு. எங்கள் ஊரில் பார்த்திருக்கிறோம்.

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா. 1980களில் மிட்சுபிஷி பங்கோடு ஏஷியன் ரேர் எர்த் என்று ஆலை வந்தது. வெள்ளீயச் சுரங்கத்தில் மிஞ்சின மண்ணிலிருந்து ரேர் எர்த் பிரிப்பது, கலர் டிவிக்கு இட்ரியம் வேண்டும் என்ற காலம். மிச்சம் தோரியம் கழிவு. அதைக் குழி தோண்டிக் கொட்டினார்கள், சிலர் உரம் என்று நினைத்து எடுத்துப் போன கதையும் உண்டு. குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய், பிறவிக் குறை என்று ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அடுத்த வருடம் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது, ஆனாலும் 1994இல் கம்பெனியே மூடிவிட்டுப் போனது. கழிவை அள்ளி மலையடிவாரத்தில் புதைத்துச் சுத்தம் செய்ய ஆன செலவு சுமார் 10 கோடி டாலர்.

இப்போது ஜப்பானைப் புகழ்ந்தீர்களே, அந்த லைனஸ் ஆலை எங்கே இருக்கிறது? குவாந்தான் பக்கத்தில் கெபேங். தாது ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில், காந்தம் ஜப்பானில், கழிவு எங்களிடம். தோண்டுகிற நாட்டிலேயே ஏன் பிரிக்கக்கூடாது என்று 2012இல் எவ்வளவு பேர் ஊர்வலம் போனார்கள்! ஆனால் இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும், 2025 மே மாதம் சீனாவுக்கு வெளியே வணிக அளவில் டிஸ்ப்ரோசியம் பிரித்தது அந்த ஆலைதான். அக்டோபரில் டிரம்ப் கோலாலம்பூர் வந்தபோது எங்களிடம் எழுதி வாங்கியதில் ரேர் எர்த் ஏற்றுமதியை அமெரிக்காவுக்குத் தடுக்கமாட்டோம் என்பதும் ஒன்று. பெரியவர்கள் சண்டையில் எங்களுக்குக் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கிறது என்றால் அந்தக் கழிவுத் தொட்டியால் வந்தது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை லா.

கோவை_மோட்டார்:
ஈப்போத் தம்பி சொன்னது முக்கியம். செலவு என்று தென்கரை பணத்தை மட்டும் கணக்குப் போட்டார்.

இப்போது நம் அரசுத் திட்டத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 26ஆம் தேதி அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. வருடத்துக்கு 6,000 டன் காந்தம், ஐந்து கம்பெனிகள் வரை, ஆளுக்கு 1,200 டன் உச்சவரம்பு. அதில் ஆலை கட்ட மானியம் 750 கோடி, விற்பனையை வைத்து ஊக்கத்தொகை 6,450 கோடி, ஐந்து வருடம். கட்டுவதற்கு இரண்டு வருடம் சேர்த்து மொத்தம் ஏழு.

காந்தத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ரேர் எர்த். 6,000 டன்னுக்கு 1,800 டன் வேண்டும். ஐஆர்இஎல் இப்போது தருவது அதில் ஒரு பகுதிக்குத்தான் வரும். அதிலும் 2012 ஒப்பந்தப்படி ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது, இங்கே காந்த ஆலை இல்லாதபோது வைத்து என்ன செய்வது? 2025 ஜூனில்தான் அதை நிறுத்தச் சொன்னதாகச் செய்தி வந்தது. மீதிக்கு மணல் எங்கிருந்து வரும் என்று மிடாலத்து அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் பதறுகிறார்.

நம் மோனசைட்டில் நியோடிமியம் உண்டு, டிஸ்ப்ரோசியம் டெர்பியம் பேருக்குத்தான். அந்தச் சிட்டிகை அதிகமாகக் கிடைப்பது தெற்குச் சீனாவிலும் நம் எல்லையை ஒட்டிய மியான்மரின் கச்சின் மாநிலத்திலும். 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை அந்தச் சுரங்க ஊர்களைப் பிடித்தது. மலையில் துளை போட்டு ரசாயனம் ஊற்றிக் கரைத்து எடுக்கிறார்கள், ஆறு போயிற்று, காடு போயிற்று. அது போவதும் சீனாவுக்குத்தான். அதனால் கிள்ளியூர் முழுதையும் தோண்டினாலும் ஏப்ரல் 4 பட்டியலுக்குப் பதில் கிடைக்காது. இதை அமைச்சகத்தில் யாராவது கூட்டத்தில் எழுந்து சொன்னார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

வரவுசெலவு:
சரி, அரசு காசு போடத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கேள்வி எப்படிப் போடுவது. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மவுண்டன் பாஸை இப்போது நடத்தும் கம்பெனியில் 40 கோடி டாலருக்குப் பங்கு வாங்கியது. அதைவிட முக்கியம், காந்தத்துக்கான நியோடிமியம்-பிரசியோடிமியம் கலவை கிலோவுக்கு 110 டாலர் என்று பத்து வருடத்துக்கு அடிவிலை உத்தரவாதம். சந்தையில் விலை இறங்கினால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும். முதலாளித்துவத்தின் தலைநகரத்தில்! நெல்லுக்கு ஆதார விலை கொடுத்தால் மட்டும் உலக வர்த்தக அமைப்பில் நம்மைத் திட்டுவார்கள்.

நம் திட்டத்தில் அப்படி அடிவிலை இல்லை. விற்றால்தான் ஊக்கத்தொகை. நாளை சீனா விலையைப் பாதியாக்கினால் நம் காந்தத்தை யார் வாங்குவார்? கோவைக்காரரே, நீங்கள் வாங்குவீர்களா?

கோவை_மோட்டார்:
வாங்கமாட்டேன். என் வாடிக்கையாளர் மோட்டாருக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மாதாமாதம் கழுத்தைப் பிடிக்கிறார். உள்ளூர்க் காந்தம் இத்தனை சதவீதம் வைத்தே ஆகவேண்டும் என்று எல்லாருக்கும் விதி போட்டால் வாங்குவேன், ஏனென்றால் பக்கத்துக் கம்பெனியும் அதே விலைக்குத்தான் வாங்கியிருப்பான். அப்போது ஸ்கூட்டர் விலை கொஞ்சம் ஏறும்.

தென்கரை:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஐந்து வருட ஊக்கத்தொகை, ஆறாவது வருடம் விலைச்சரிவு என்றால் மோலிகார்ப் கதைதான். ராணுவம், ரயில்வே, அரசுப் பேருந்து இந்த மூன்றும் மட்டும் இங்கே செய்த காந்தத்தைத்தான் வாங்குவோம் என்று பதினைந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடியும். ராணுவத் தேவைக்குச் சின்ன அளவில் விசாகப்பட்டினத்தில் சமேரியம் கோபால்ட் காந்த ஆலை ஏற்கெனவே இருக்கிறது, வருடத்துக்கு 3,000 கிலோ. அதற்குக் கொடுத்த பொறுமையை மற்றதற்கும் கொடுக்கவேண்டும்.

மிடாலத்துக்காரன்:
பதினைந்து வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே எங்களுக்கும் எழுதிக் கொடுங்கள். தோரியம் கழிவை எங்கே வைப்பீர்கள், எத்தனை வருடத்துக்கு, யார் பொறுப்பு. அள்ளிய குழியை எந்த மண் போட்டு மூடுவீர்கள், கடல் உள்ளே வராமல் யார் பார்ப்பார். கருநாகப்பள்ளியில் எடுத்ததுபோல இங்கேயும் ஊர் ஊராக நோய்க் கணக்கு எடுத்து, தோண்டுவதற்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று வெளியே வையுங்கள். முதலில் அந்தக் குறிப்பாணையைத் திரும்ப எடுத்துவிட்டுக் கூட்டத்தை வையுங்கள். நாங்கள் கத்துவோம், திட்டுவோம், அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஈப்போ_பையன்:
கழிவு விஷயத்தை ஆலை கட்டுவதற்கு முன்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள் அண்ணாச்சி. கட்டி முடித்தபிறகு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.